பில்லிங் அக்காவின் ஸ்டூல்

வலது கையால் சோப்பையும் சர்க்கரையையும் மெஷினில் காட்டிக்கொண்டே, இடது கையின் இரண்டு விரல்களைக் கழுத்தோரம் வைத்து நாடி பார்த்துக்கொள்வார் எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் பில்லிங் அக்கா. பிறகு தலையை ஆட்டுவார். நாடிக்கா, சர்க்கரைக்கா என்று வரிசையில் நிற்கும் எங்களுக்குத் தெரியாது.

முன்பொரு காய்ச்சலில் படுத்தவர். காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. தீராத அசதி நோய் என்று பெரிய டாக்டர் பெயர் வைத்தார். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். எழுந்து நின்றால் நெஞ்சு தடதடவென்று அடிக்கும், கண் இருட்டும். அந்தத் துடிப்பை அடக்கத் தினமும் ஒரு பீட்டா பிளாக்கர் மாத்திரை.

"அசதி அப்படியேதான் இருக்கு. நெஞ்சு மட்டும் சொன்ன பேச்சு கேக்குது. உக்கார இடம் இருந்தா போதும், சமாளிச்சுருவேன்" என்பார். சமாளிப்பதாவது! கடையிலேயே வேகமாக நகர்வது அவர் வரிசைதான்.

புது மேனேஜருக்கு, அக்கா உட்கார்ந்து பில் போடும் அந்த ஸ்டூல் கண்ணை உறுத்தியது. "எல்லாரும் நிக்கறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று, கடை ஆட்களைப் பார்க்க வைத்திருக்கும் டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி ஒழுங்காக ஓடியது. நின்று வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை போட்டதால்தானே ஐயா ஒழுங்காக ஓடுகிறது! கண்ணாடி போட்டவர் நன்றாகப் படிக்கிறார் என்று கண்ணாடியைப் பிடுங்குவார்களா?

அக்காவின் வீட்டுக்காரர் சொன்ன யோசனை இன்னும் மோசம். "ஒருநாள் மாத்திரைய நிறுத்திட்டுப் போய்க் காட்டேன்." அதற்குத் தான் சொன்ன பதிலை பில் போட்டபடியே அக்கா என்னிடம் ஒப்பித்தார். "திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு. நான் விழுந்து காட்டினாத்தான் நம்புவீங்கன்னா, அந்த நம்பிக்கையே எனக்கு வேண்டாங்க."

நேற்று போனேன். ஸ்டூல் மேனேஜர் அறைக்குப் போயிருந்தது. அதில் அவருடைய பை சொகுசாக உட்கார்ந்திருந்தது. கவுண்டரில் அக்காவைக் காணோம். ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எழுந்திரிங்கம்மா, கஸ்டமர் பாக்கறாங்க!" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் சார்."

கவுண்டருக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்பியது. தடவித் தடவி என் சோப்பை எடுத்துக் கீழே கொண்டுபோனது. பீப் என்று சத்தம் கேட்டது. அந்தக் கை மறுபடி மேலே வந்து, அடுத்த பொருளுக்காக விரிந்து நின்றது.