காற்றடிக்க இடமில்லாத சில்லு

தவமணி அக்கா காலமான செய்தியை அத்தான்தான் தொலைபேசியில் சொன்னார். "அக்கா போயிட்டா புள்ள," என்றார். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "நித்திரையிலதான்," என்றார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கையைக் கழுவாமலே அவர்கள் ஊரான தேற்றாத்தீவுக்குப் புறப்பட்டேன். வழி முழுக்க அழுதேன். நடுவே, அவர் கட்டிய சில்லு நினைவுக்கு வந்து ஒருமுறை சிரித்தும் விட்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அக்கா கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். அவரிடம் படித்தவர்களுக்கு அந்தப் பிரம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கணக்குப் பிழைத்தால் உள்ளங்கையில் ஒரு அடி. கோபமே இராது, இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற அதே முகத்தோடு அடிப்பார். காலையில் நாங்கள் இருவரும் குருமண்வெளித் துறைக்குச் சைக்கிளில் போவோம். அங்கே வாவியைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். அதில் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரையில் இறங்கி, மீதித் தூரத்தைக் கிரவல் ரோட்டில் மிதிப்போம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அக்காவும் அத்தானும் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பினார்கள். அவர்கள் வீட்டின் கடல்பக்கச் சுவர் போய்விட்டதால் எங்களோடே தங்கினார்கள். அக்காவின் சைக்கிள் பக்கத்து வளவில், தென்னையடியில் செருகிக் கிடந்தது. முன்சில்லு துருவோடு தப்பியது. பின்சில்லு எட்டாக நெளிந்திருந்தது. அதற்குப் பிறகு அத்தானுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். "இனி அங்கால போக வேணாம். இஞ்சால இடமாற்றம் எடு," என்றார். அந்த வருடம் பரீட்சை எழுத இருந்த வகுப்பை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் அக்கா. பெரிய சண்டை. கடைசியில் அத்தான் ஒரு தீர்ப்புச் சொன்னார்: "பள்ளிக்கூடம் துவங்க முதல் சைக்கிள் உருண்டா நீ போ. உருளாட்டி இடமாற்றம்."

உப்புத் தண்ணீர் குடித்த சைக்கிள்கள் எல்லாக் கடைகளிலும் குவிந்து கிடந்ததும், சித்திரைக்கு முன் யாரும் கைவைக்கப் போவதில்லை என்பதும் தெரிந்துதான் சொன்னார் மனுசன். என் சைக்கிளில் பின்னால் ஏறிவரச் சொல்லிப் பார்த்தேன். நான் மெலிந்தவள், அக்கா அப்படியில்லை, அது சரிவரவில்லை. அக்கா ஓட்டமாவடிக்குப் போய்ப் புது ரிம்மும் கம்பிகளும் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் பரப்பினார். "இதும் கணக்குத்தானே. எனக்கு வராதா?" என்றார்.

வரவில்லை. என் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றி எதிரே சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கம்பிகளைக் கோத்தார். பார்த்தெழுதிய பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் டீச்சர் இப்படிப் பார்த்தெழுதலாமா என்று கேட்டேன். "வாயப் பொத்திக்கிட்டுப் புடி," என்றார். ஒரு பகல் முழுக்க வேலை. முடித்துப் பார்த்தால், காற்றடிக்கும் துளைக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கிட்டு நின்றன. பம்பின் வாய் உள்ளே நுழைய இடமில்லை. கோக்கத் தொடங்கிய துளை ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. அத்தான் வந்து பார்த்துவிட்டு, "காத்தே தேவையில்லாத சில்லு. கோயில் தேருக்குப் பூட்டுவம்," என்றார்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கம்பிகளைக் கழற்றத் தொடங்கியபடி, "பிழையெண்டா அவிழ்ப்பம். மறுகாக் கோப்பம். ஆர் அடிக்கப் போறா?" என்றார். சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் கழற்றினார்.

அடுத்த முறை துளை சரியாக வந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சில்லைச் சுற்றவிட்டு, ரிம்மின் ஓரத்தில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைப் பிடித்தோம். நெளிந்த இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை, அத்தானைக் கரியரில் ஏற்றிப் பெரிய ரோட்டுவரை போய்த் திரும்பி வந்தார் அக்கா. இறங்கிய அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "உருளுதுதான்," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு பையன் கரும்பலகையில் கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டு, தானாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றான். அடுத்த வகுப்பில் இருந்து நான் பார்த்தேன். "கையை எடு மனே. எந்த இடத்தில பிழைச்ச எண்டு பாப்பம்," என்றார் அக்கா. அவன் நம்பவில்லை. வெகுநேரம் கையை நீட்டியபடியே நின்றான்.

பிறகு யுத்தம் வந்து அக்கரைச் சனமெல்லாம் இக்கரைக்கு இடம்பெயர்ந்ததும், ஓய்ந்தபின் திரும்பிப் போனதும் உங்களுக்குத் தெரியும். திரும்பிப் போனவர்களின் சைக்கிள்களில் ஒன்றுகூட ஒழுங்காக இருக்கவில்லை. பள்ளி விட்ட பிறகு மாமரத்தின் கீழ் அக்கா பிள்ளைகளுக்குச் சில்லுக் கட்டக் கற்றுக்கொடுத்தார். "என்ட சில்லு கொஞ்சம் ஆடும். நானும் ஆடுவன். விழமாட்டம்," என்பார். இடமாற்றத்தைப் பற்றி வீட்டில் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே படிப்பித்தார்.

அடக்கத்தன்று மிதவைப் பாதை நிரம்பி நிரம்பி வந்தது. அக்கரையிலிருந்து, அடி வாங்கியவர்களும் வாங்காதவர்களும், பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாசல் படலையடியில் நின்ற அத்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல காலம் புள்ள," என்றார் என்னிடம், "அண்டைக்கு நான் தோத்தன்."

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பொறுமை என்று சொன்னால் அவரே சிரிப்பார். பொறுமை அவரிடம் இருந்ததே இல்லை. சில்லை அவிழ்த்த அந்த மாலையில் அவர் என் கையால் இரண்டு முறை சோறு வாங்கி, நண்டுக்கறியோடு வயிறாரச் சாப்பிட்டார். நான் ஒரு சின்னப் பிழை விட்டாலும் நாள்கணக்காகச் சோறு இறங்காதவள். இப்போது பிழை விட்டாலும் இறங்குகிறது, அக்கா.