சுபாஷினியின் இரண்டாவது எக்ஸ்ரே

நேபாளம் போகிற மாணவர் பட்டியலில் சுபாஷினியின் பெயர் வந்தபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. அவள் அப்பா விருத்தகிரி, விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சிறிய பொம்மைக் கம்பெனியில் அச்சில் மண் கரைசல் ஊற்றுகிறவர். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கும் மகள் விமானம் ஏறப் போகிறாள் என்றதும், "பாஸ்போர்ட்டுக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

"நேபாளத்துக்கு அது வேணாம்ப்பா. ஓட்டு கார்டு போதும்."

"அப்ப அது இன்னா ஃபாரினு?"

அங்கே செங்கல் சூளைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் மருத்துவ முகாம். தடுப்பூசி போட்டுக்கொள்வது, குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, பத்துப் பதினைந்து நேபாளி வாக்கியங்கள் என்று வகுப்பு முடிந்ததும் பயிற்சி நடந்தது. கைகழுவுவதைப் பற்றிப் பேசும் பொறுப்பு சுபாஷினிக்கு. அவள் பயிற்சியை அப்பாவின் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டாள். பொம்மைகளுக்குப் பிசிறு தட்டும் பெண்களின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, "கஹாங் துக்ச?" என்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம்.

"எங்க தொட்டாலும் துக்சதாண்டி" என்பார்கள் அவர்கள்.

கொலுவுக்கு முந்தைய மாதம் என்பதால் கம்பெனியில் வேலை குவிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் அப்பாவுடன் நின்று, பொம்மைகளைக் கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்தாள். சூளையில் வெந்தபின் பளபளக்கும் அந்தப் பூச்சு, தொட்டியில் தோசை மாவு போலத்தான் இருக்கும். மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தலை குளிக்காமல், சடையை மட்டும் இழுத்துப் பின்னிக்கொண்டு, பயணத்துக்கான உடல் தகுதிச் சோதனைக்குப் போனாள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பயணத்துக்குப் பொறுப்பான ஆசிரியை மோகனப்பிரியா அவளைக் கூப்பிட்டார். மேசையில் எக்ஸ்ரே உறை இருந்தது.

"வலது பக்க நுரையீரல்ல மேல புள்ளி புள்ளியா இருக்குது. டாக்டர் இன்னும் டெஸ்ட் எழுதியிருக்காரு. உங்க அப்பா செராமிக்லதானே? சின்ன வயசுலேர்ந்து அந்தத் தூசியிலயே வளந்திருக்கே. இந்த வருஷம் விட்டுடும்மா."

"டெஸ்ட் முடியற வரைக்கும் என் பேரு இருக்கட்டும் மேடம்."

"வெள்ளிக்கிழமை டிக்கெட் போடணும். உனக்கு அடுத்தபடியா இருக்குற அன்புச்செல்வன்கிட்ட தயாரா இருக்கச் சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமை இன்னும் வரல மேடம்" என்று சொல்லிவிட்டு உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட விருத்தகிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாந்தாம்மா உன்ன அங்க இட்டுக்கினு போனேன்" என்றார்.

"சும்மா இருப்பா" என்றாள். எரிச்சலாகவே சொன்னாள். படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூசி நோய் என்றால் பெரும்பாலும் இரண்டு நுரையீரலிலும் தெரியும் என்று வகுப்பில் படித்திருந்தாள். இதில் வலது பக்கம் மட்டும். புள்ளிகளும் சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, முறுக்கிக்கொண்டு இறங்கின. மேலே ஒரு புள்ளி விலா எலும்புக்கே வெளியே, தோள் சதையில் இருந்தது. நுரையீரல் நோய் தோளில் எப்படி வரும்? அவள் கை தானாகச் சடைக்குப் போனது. சடையை வலது தோள் வழியாக முன்னால் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். பின்னலுக்குள் காய்ந்த கிளேஸ் கட்டிகள் விரலில் நெருடின.

"கிளேஸ்ல வெள்ளைக்கு ஒரு மாவு போடுவியே, அது கனமாப்பா?"

"ஜிர்கானா? சின்ன மூட்டையே தூக்க முடியாது."

"அப்ப அதுதான் எக்ஸ்ரேய மறைச்சு, படத்துல புள்ளியா விழுந்திருக்குது."

"போயி தலைய நல்லா அலசிட்டு வா. மறுபடி எடுத்துப் பாக்கலாம்."

"அலச மாட்டேன். அலசிட்டுப் போனா, என்னமோ தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு சொல்லுவாங்க."

மறுநாள் அதே தலையோடு போனாள். எக்ஸ்ரே எடுக்கும் நந்தகுமாரிடம், சடையைத் தூக்கிக் கட்டி மார்புக்கு ஒரு படம், சடைக்குத் தனியாக ஒரு படம் என்று கேட்டாள்.

"சடைக்கு எக்ஸ்ரேவா? பேன் பாக்கவாம்மா?"

"பேன் இருந்தா அதுவும் விழட்டும். எடுங்கண்ணா."

மார்பு சுத்தமாக வந்தது. சடைப் படத்தில், முதல் படத்தில் இருந்த அதே புள்ளிகள். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "முடியைத் தூக்கிக் கட்டினியான்னு அன்னைக்கே பாத்திருக்கணும். கூட்டத்துல விட்டுட்டோம்" என்று சொல்லித் தகுதி என்று எழுதிக் கொடுத்தார்.

மோகனப்பிரியாவுக்குச் சங்கடமாக இருந்தது. "நல்லதாப் போச்சு. ஆனா அந்தப் பையன் வீட்ல சொல்லிட்டேனே. நீ அடுத்த வருஷம்..."

"என் பேர எடுக்க ஒரு காரணம் சொன்னீங்க. அது இப்ப இல்ல. வேற காரணம் இருந்தா சொல்லுங்க மேடம், கேட்டுக்கிறேன்."

ஆசிரியை பட்டியலை எடுத்துப் பார்த்தார். சுபாஷினி அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். "உன்னக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பாடுபடப் போறேனோ!"

"இன்னொண்ணு மேடம். தூசியப் பத்தி நீங்க சொன்னது பொய் இல்ல. என் நெஞ்சுல இல்ல, அவ்ளோதான். நாம போறது சூளை ஊரு. கைகழுவுறதப் பத்தி வேற யாராச்சும் பேசட்டும். நான் தூசியப் பத்திப் பேசறேன்."

அன்புச்செல்வனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

விருத்தகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு நீ என்கூட வரே. உனக்கும் நெஞ்சுப் படம் எடுக்கணும்."

"எனக்கு எதுக்கு? நல்லாத்தான இருக்குறேன்."

"நல்லா இருந்தா நல்லதுதான்."

"ஏதாவது இருந்து தொலைச்சா?"

"இருந்தா தெரியட்டும். முகத்துக்கு மாஸ்க் போடுவே, தூசி இல்லாத வேலைக்கு மாறுவே. சூளைக்காரங்ககிட்டப் போயி படம் எடுத்துப் பாருங்கன்னு சொல்லப் போறேன். உங்கப்பன் எடுத்தானான்னு ஒருத்தன் கேட்டா, நான் எங்க போயி மூஞ்ச வெச்சுக்கறது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கம்பெனில லீவு சொல்லணுமே" என்றார்.

"சொல்லிட்டேன்" என்றாள் சுபாஷினி.