சவுண்ட் செக்கில மட்டும் பாடின பாட்டு

கிட்டார் சத்தத்தைக் கூட்டுற ஆம்ப் சூடானால் ஒரு மணம் வரும், தூசி கருகிற மணம். அதோட நிலாவெளிக் கடற்கரை உப்புக்காத்து, ஹோட்டல் குசினியில மீன் பொரியிற வாசம்... இந்த மூண்டும் சேர்ந்ததுதான் எனக்கு ரொக் மியூசிக்.

சண்டை நிண்டிருந்த சமாதானக் காலம். வெள்ளைக்காரர் சுற்றுலாவுக்குத் திரும்ப வரத் தொடங்கின நேரம். அந்த ஹோட்டலில பின்னேரத்தில வாசிச்ச எங்கட பாண்டில நான் பேஸ் கிட்டார். அதாவது, ஃபோட்டோவில ஓரத்தில வெட்டுப்படுற ஆள். ட்ரம்ஸ், கிண்ணியாப் பைசல். நடுவில சீலன். லீட் கிட்டார், குரல், தலைமயிர் எல்லாம் அவனிட்டத்தான்.

பகலில துறைமுகப் பக்கம் போட் எஞ்சின் திருத்துவான். பின்னேரம் கை கழுவிப்போட்டு கிட்டாரைத் தூக்கினான் எண்டா, கடற்கரை நாய்கூடக் குரைக்கிறதை நிப்பாட்டும்.

அவன் சொந்தமா ஒரு தமிழ்ப்பாட்டுக் கட்டி வைச்சிருந்தான். அதை ஒருக்கா எண்டாலும் சனத்துக்கு முன்னால பாடோணும்... அவ்வளவுதான் ஆசை.

ஹோட்டல் மனேஜர் கேட்டுப்போட்டுச் சொன்னார், "தம்பி, ஆக்கள் இஞ்ச சாப்பிட வருகினம். உங்கட கவலையைக் கேட்க இல்லை. மைக் சரி பாக்கிற சவுண்ட் செக்கில பாடுங்கோ. சனம் வர முந்தி நிப்பாட்டிப்போடுங்கோ."

"ஓம் சேர்" எண்டான் சீலன்.

அப்பிடி எல்லாத்தையும் விட நாங்கள் கூடத்தரம் வாசிச்ச பாட்டு அதுதான். கேட்டதெல்லாம் வெறுங்கதிரை.

"கதிரை கை தட்டாது மச்சான், ஆனா பாதியில எழும்பியும் போகாது" எண்டு பைசல் ஆறுதல் சொல்லுவான்.

பேந்து சுனாமி. ஹோட்டலைத் திரும்பக் கட்டிச்சினம், எங்களைக் கூப்பிடேல்லை. பாட்டுக்கு ஒரு பென்டிரைவ் போதுமாம். நான் கந்தோர் வேலைக்குப் போய்த் தொந்தி வளர்த்தன். பைசல் கடை போட்டான். சீலன் மட்டும் "அல்பம் வரும்டா" எண்டு கடைசி வரைக்கும் எஞ்சினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு சொன்னான்.

போன வருஷம் நெஞ்சு நோ எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பி வரேல்லை.

இப்ப அவன்ட மகள் ஆரணி போனில கோல் எடுத்தாள். "அங்கிள், அப்பாட பாட்டு ஒரு இடத்திலயும் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் வந்து பாடித் தாங்கோ, ரெக்கோட் பண்ணி வைக்கப்போறன்."

அன்புவழிபுரத்தில சீலன்ட வீட்டில போய் இருந்தாப்பிறகுதான் விஷயம் விளங்கிச்சுது. பாட்டின்ட சொல்லு ஒண்டும் ஞாபகம் வரேல்லை. மெட்டும் வரேல்லை. சவுண்ட் செக்கில அவனவன் தன்ட சத்தத்தைத்தானே கேட்பான். எனக்கு என்ட பேஸ் முழுக்க ஞாபகம். பைசலுக்குத் தன்ட அடி முழுக்க ஞாபகம். பாட்டுத்தான் இல்லை.

இப்ப சனம் சூப்புக் கோப்பையைக்கூட வீடியோ எடுக்குது. அப்ப ஒருத்தருக்கும் ஒரு கசெட்டைப் போட்டுப் பதியத் தோணேல்லை...

தெரிஞ்சதை வாசிச்சம். நான் போனுக்குக் கிட்ட பேஸை வைச்சு, பைசல் மேசையில தட்டி. சீலன் பாடத் தொடங்கிற இடம் வந்ததும், ஒருத்தரை ஒருத்தர் பாராமலே ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைச்சம். அவன் எங்களை அப்பிடித்தான் பழக்கினவன்.

ஆரணி ரெக்கோட் பண்ணினதைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"இந்த இடத்திலயா அங்கிள் அப்பா பாடுறவர்?"

"ஓம் பிள்ளை, இதிலதான்."

போனுக்குள்ள அவன்ட குரலுக்குப் பதிலா ஃபேன் சுத்திற சத்தம் மட்டும் கேட்டுது.