வேப்பமரத்து வீட்டுச் சுவர்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். கடைக்காரர் சிரித்துப் பேசினால் எடையில் ஏதோ குறைகிறது என்பார் அப்பா. அப்படிப்பட்ட மனிதரை வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்துவிட்டது அம்மாதான். பாளையங்கோட்டைக்கு வெளியே பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பத்து வீடு கட்டினோம். கொத்தனார் ஒருவர் வழிகாட்ட, கல் சுமப்பது, சாந்து குழைப்பது, சுவர் எழுப்புவது எல்லாம் நாங்களே. எந்த வீடு யாருக்கு என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. எல்லாம் முடிந்ததும் சீட்டுக் குலுக்குவார்கள். தன் வீடு எதுவென்று தெரிந்துவிட்டால் மற்ற வீட்டில் மனசு வைத்து வேலை பார்க்க மாட்டார்களாம். சங்கத் தலைவர் அண்ணாச்சியின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது எங்களுக்கு இன்னொரு வேலையாகிப் போனது.

வேப்பமர நிழலில் ஒரு வீடு இருந்தது. எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். ஆனி மாதம் அதன் சுவர் எழும்பியது. புதுச் சுவரைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரம் தண்ணீர் ஊற்றும் முறை எங்களுடையது. நாங்களோ நெல்லையப்பர் தேர் பார்க்கப் போய், பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டோம். திரும்பி வந்ததும் அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஏதோ கிசுகிசுத்தாள்.

"வாயத் தொறக்காத. பிரிச்சுக் கட்டச் சொல்லுவாவ" என்றார் அப்பா.

அன்று முதல் அம்மா குடம் குடமாக அந்தச் சுவருக்கே ஊற்றினாள். எதற்கென்று கேட்டால், "ஒஞ் சோலியப் பாரு" என்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? எங்களோடு சாந்து சுமந்த தையல்கார அத்தைதான் ஆரம்பித்தாள். உறவில்லை; கூப்பிடுவது அத்தை என்று.

"அவளுக்கு எந்த வீடுன்னு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. இல்லன்னா அந்தச் சுவத்துக்கு மட்டும் இந்தத் தண்ணி ஊத்துவாளா?"

அப்புறம் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. எங்கள் தலையைக் கண்டால் கப்சிப். எனக்கு அவமானமாக இருந்தது. வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டலாமே என்று ஒரு நப்பாசையும் இருந்தது. பொய் சொல்வானேன், அம்மா ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சீட்டுக் குலுக்கும் நாளன்று அம்மா எழுந்து நின்றாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, வேப்பமரத்து வீட்ட எங்களுக்கே தந்திருங்க. தேருக்குப் போயி, தண்ணி ஊத்தாமக் காய விட்டுட்டோம். சுவத்துல வலு இல்ல. அதுக்குள்ள வேற யாரும் போயிக் கஷ்டப்பட வேண்டாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"யம்மாடி, என்னமா கத கட்டுதா!" என்றாள் தையல்கார அத்தை.

அண்ணாச்சி போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அதற்குள் மேலே வழவழவென்று பூச்சுப் பூசியாகிவிட்டது. "கல்லு மாதிரில்லா நிக்கி? உக்காரும்மா" என்று சொல்லிச் சீட்டைக் குலுக்கச் சொன்னார்.

வேப்பமரத்து வீடு தையல்கார அத்தைக்கே விழுந்தது. அவள் குலவை போட்டது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். எங்களுக்கு வந்தது கடைசி வீடு. காற்றோட்டமான, நல்ல வீடு. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தையின் கைக்குழந்தை அந்தச் சுவரோரமாகத் தவழ்ந்து போவதையே பார்த்துப் பார்த்து அழுதாள். அடுத்தவர் வீட்டுக்கு இப்படியும் ஆசைப்படுவாளா ஒருத்தி என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.