மகளுக்கு வைத்திருந்த கவர்

சேந்தமங்கலத்தில், மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு மிளகு விவசாயி. வெயிலில் கறுத்த முகம், வெளுத்த சட்டை. சட்டைப்பையில் மடித்து வைத்த பிளாஸ்டிக் கவரை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். மலை வளைவுகளில் எனக்குக் குமட்டியதும் அதை எடுத்து நீட்டினார்.

“உங்களுக்கும் ஒத்துக்காதுங்களா?”

“நான் மலைக்காரனுங்க, எனக்கென்ன? இது பாப்பாவுக்கு. நல்ல பள்ளிக்கூடமா பாத்து, அதுக்குப் பக்கத்துலயே கீழ ஊடு புடிச்சு, அவங்கம்மாவோட உட்டிருக்கேன். மலையில பொறந்த புள்ளதாங்க. இப்ப வளைவு ஏறுனாலே வாந்தி எடுக்குது.”

“லீவுக்குக் கூட்டி வரலையா?”

“கூப்புடத்தான் போனேன். வரமாட்டேன்னுடுச்சுங்க. நீங்களே வச்சுக்குங்க.”

அவர் கை காலியான சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வளைவில் வாந்திதான் வந்தது, அவர் மகளுடைய கவரில்.