சீஃப் கெஸ்டுக்குப் போட்ட பந்து

என் அத்தையிடம் சாஃப்ட்பால் கற்ற பெண்கள் இன்றைக்கு போலீஸிலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் முதலில் அவள் காலில்தான் விழுகிறார்கள். மேடம் மாதிரி பிட்சிங் சொல்லித்தர ஆளே கிடையாது என்பார்கள். சொல்லித்தருவாள், அது சரிதான். ஆனால் அவள் பந்து போட்டு அவர்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில், ஸ்டேஷனுக்குப் பின்புறம். எங்கள் முன்னோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி பஸ் ஏறியது அப்பா. முதன்முதலாக விமானம் ஏறியது அவருடைய தங்கை, அதாவது என் அத்தை. செங்கல்பட்டில் படிக்கும்போது டீமுக்கு ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்களாம், போய் நின்றாளாம், அப்புறம் அவள் இல்லாமல் டீம் நிற்கவில்லை. கிரிக்கெட் மாதிரி ஓடிவந்து வீசும் சமாசாரமில்லை இது. நின்ற இடத்திலிருந்து கையை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, இடுப்போரமாகக் கொண்டுவந்து விடவேண்டும். அவள் வாசலில் பழகும்போது, "இன்னாம்மே, கெணத்து ராட்டினம் சுத்தறியா? ரெண்டு கொடம் எனக்கும் சேந்தி ஊத்து" என்பாள் எதிர்வீட்டுக்காரி. அத்தை சிரித்துக்கொண்டே சுவரில் ஒரு பந்து விடுவாள். எதிர்வீட்டுக்காரி உள்ளே போய்விடுவாள். பேர்தான் சாஃப்ட், பட்டால் தெரியும்.

மாநில அணிக்கு ஆடினாள். இந்திய அணிக்கான முகாமுக்கும் போய் வந்தாள். அங்கே கொடுத்த நீல ஜாக்கெட்டை அப்பா மார்கழிக் குளிரில் நைட் ஷிஃப்டுக்குப் போட்டுக்கொண்டு போக, அண்ணனும் தங்கையும் பொங்கல் வரை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு போட்டியில் தோள் போயிற்று. ஒரு வருஷம் முழு வேகத்தில் போடக்கூடாது என்றார் டாக்டர். அந்த வருஷம் முடிகிற நேரத்தில்தான் இரண்டு காரியம் சேர்ந்து வந்தது. மாநில அணிக்கான தேர்வு ஒன்று. மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச் வேலை மற்றொன்று. ஆடப் போகிறேன், முகாமுக்குப் போகிறேன் என்று அலைகிற கோச் வேண்டாம், ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று பள்ளிக்கூடத்தின் தாளாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இருக்கறத வுட்டுட்டு பறக்கறதுக்கு ஆசைப்படாத," என்றார் அப்பா.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அவள வுடுங்க," என்றாள் அம்மா.

பழமொழிக்கு எதிர்ப்பழமொழி இருப்பதுதான் எங்கள் வீட்டில் சௌகரியம். எந்தப் பேச்சும் முடியாது. நான் அம்மா கட்சி. அத்தை டிவியில் வரப்போகிறாள் என்று வகுப்பு முழுக்க வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

இதற்கிடையில் அந்தப் பள்ளியின் விளையாட்டு விழா வந்தது. நம் பக்கத்தில் எந்த ஆட்டமானாலும் சீஃப் கெஸ்ட் முதல் பந்தை அடித்துத்தான் தொடங்கிவைக்க வேண்டும். அவருக்கு வாகாக ஒருவர் போடவேண்டும், அவர் அடிக்கவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும். பெரிய பிளேயர் என்று அந்தப் பந்தைப் போட அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அப்பா பலமுறை சொல்லிவிட்டார். "த பாரு, பெரிய மனுசன். மெதுவா போடு. அவரு அடிச்சார்னா வேல உனுக்குத்தான்."

"சரிண்ணா, சரிண்ணா," என்றாள் அத்தை. அப்பா கண் அசந்ததும் என் காதருகில் குனிந்தாள். "இன்னிக்கு ஃபுல்லா போடப்போறேன்டி. அந்தாளு பேட்ட தூக்கறதுக்குள்ள பந்து கேட்சர் கையில கீது, பாரு."

"அவருக்கு பட்டுச்சினா?"

"படாது. ஓரமா போட்டுடுவேன். எங்க போவுது, எவ்ளோ ஸ்பீடா போவுதுன்னு எனுக்குத் தெரியணும்ல. நல்லா போச்சினா வேலையாவது ஒண்ணாவது, ரெண்டு பேரும் செலக்சனுக்குப் போயிகினே இருக்கலாம்."

சவுக்குத் தோப்பை ஒட்டி மைதானம். தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. சீஃப் கெஸ்ட் ஓய்வுபெற்ற அதிகாரி. கழுத்து மாலையைக் கழற்றாமலே பேட்டைப் பிடித்து நின்றார். "மெதுவா போடும்மா, வயசானவன்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

கை சுற்றியது. வாசலில் நான் பார்த்த அதே சுற்று. காதுக்கு மேலே வந்த இடத்தில் மட்டும் கை கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது, பிறகு இறங்கியது. பின்னங்கால் மண்ணில் நீளமாகக் கோடு கிழித்தது. பல்லைக் கடித்திருந்தாள், கழுத்து நரம்பு எழும்பி நின்றது. பந்தோ, பந்தியில் லட்டு வைப்பதுபோல வளைந்து, சாவகாசமாக, அவருடைய பேட்டுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

அடித்தார். பந்து சவுக்கு மரங்களுக்குள் விழுந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. அப்பா என் முதுகில் தட்டி, "பாத்தியா, உங்க அத்தைக்கு புத்தி வந்துட்ச்சி," என்றார்.

சீஃப் கெஸ்டுக்குக் குஷி தாங்கவில்லை. "இன்னொண்ணு போடுங்க," என்று மறுபடி பேட்டை உயர்த்தினார். ஒரு பெண் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து நீட்டினாள். அத்தை அதை இடது கையால் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போதும் சார். பசங்க ஆடட்டும்."

அவர் மைக்கைப் பிடித்து, எவ்வளவு பெரிய ஆட்டக்காரி, எவ்வளவு அடக்கம், ஒரு பெரியவருக்கு எப்படிப் போடவேண்டும் என்று தெரிந்து போட்டார் என்று புகழ்ந்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. விழா முடிவதற்குள் அத்தை தாளாளரிடம் போய், திங்கட்கிழமையே வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். செலக்சனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே வந்தேன்.

"ஃபுல்லா போடறேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அந்தாளுக்கு பயந்துகினு மெதுவா போட்டுட்ட. வேலைக்காக."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முன் சீட்டில் அப்பா யாருக்கோ போன் போட்டு, வேலை கிடைத்துவிட்டது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்சநேரம் கேட்டாள்.

"ஆமாண்டி," என்றாள். "வேலைக்காகத்தான்."

"பொய்க்காரி."

"அவ்ளோதானா? இன்னும் நல்லா திட்டு."

நான் அவளோடு டூ விட்டேன். ஞாயிறு முழுக்கப் பேசவில்லை. அம்மா அவளிடம் ஏதோ கிசுகிசுத்துக் கேட்டாள்; தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். ஆட்டக்காரிக்குத் தைலம் புதிதா என்று நான் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை, புதுப்புடவை கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். தன் தலைமயிரை யாரையும் தொடவிடாதவள், இடது கையால் சீப்பை நீட்டினாள். வலது கை மடியிலேயே கிடந்தது.

"கொஞ்சம் பின்னி வுடுடி."

சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். லேசில் மசிந்துவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, வலிக்கட்டும் என்றே இழுத்து இழுத்து இறுக்கிப் பின்னினேன். அவள் ஒரு தடவைகூட 'ஆ' என்று சொல்லவில்லை. வேகம் போடாமல் ஏமாற்றியதற்கு மன்னிப்புத்தான் இது என்று, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே திருப்தி.