எட்டுப் பேர்

பபேடான் பேட்டையைச் சேர்ந்த குணசீலன் கல்லூரி பேஸ்பால் அணியின் கேப்டன். பருவம் தொடங்கியபோது அணியில் பதினான்கு பேர் இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேவைக்கு இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் எடுக்கத் தொடங்கியதும் ஐந்து பேர் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குத் தப்பிவிட்டார்கள். மிஞ்சிய ஒன்பது பேரை வைத்தே இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள், பந்து வீசும் மனோஜை சூலே பஸ் நிறுத்தத்தில் பிடித்து ராணுவ வண்டியில் ஏற்றினார்கள். அப்போது அங்கே வந்து நின்ற பஸ்ஸுக்குள் குணசீலன் இருந்தான். அவன் இறங்கவில்லை.

மறுநாள் நடுவர் ஆட்களை எண்ணினார். ஒன்பது பேர் வேண்டும், எட்டுப் பேரை வைத்து ஆட முடியாது என்று சொல்லி, எதிரணிக்கு வெற்றியை எழுதிக்கொடுத்தார்.

மைதானத்து வாசலில் மனோஜின் தாய் மங்கலம் நின்றிருந்தாள். "ராத்திரி அவன் வீட்டுக்கு வரலப்பா. யாராச்சும் பாத்தாங்களா?"

குணசீலன் அவள் அருகில் போனான். "நான் பாத்தேன் சின்னம்மா. பட்டாளத்துக்காரங்க புடிச்சிட்டாங்க. நான் பஸ்ல இருந்தேன். பயமாப் போச்சு, எறங்கல."

அவள் திட்டவில்லை. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எந்தப் பக்கமாப் போச்சு? அத மட்டும் சொல்லு, போய்த் தேடுறேன்."

ராணுவ வண்டி கிளம்பியபோது குணசீலன் பஸ் இருக்கைக்குக் கீழே குனிந்திருந்தான்.